ஆற்றுப்படையும் அரைநாட் பயணமும்

பிறர் வாழும் ஊரை வழிகாட்டி ஒருவனின் துணைகொண்டு காண்பது தமிழிலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய மூன்றும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் வழியில் எதிர்ப்பட்ட வறிய கலைஞனை வள்ளல் ஒருவனிடம் ஆற்றுப்படுத்துமிடத்து, இடைவழியில் உள்ள ஊர்களையும் குடிகளையும் விரிவாக எடுத்துரைப்பன. நெய்தற் குடியும் முல்லைக் குடியும் மருதநிலத்து உழவர் மனையும் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே வருகின்றன. யார் எவ்வீட்டில் இருப்பர், எதனை உண்பர், வருவோர்க்கு எதனை அளிப்பர் என்பன யாவும் சொல்லப்படுகின்றன.

இதே செயல் இன்று வேறொரு வடிவில் உலகெங்கும் நடைபெறுகின்றது. ‘பாரம்பரியக் கிராமம்’ என்று பெயரிடப்பட்ட ஓர் ஊருக்கு, உல்லாசப் பயணிகள் வழிகாட்டியுடன் சென்று, இரண்டு மூன்று மணி நேரம் தங்கி, உண்டு, படமெடுத்து மீள்கின்றனர். திருகோணமலைக் கடற்கரைகளை நாடி வரும் பயணிகள் பலர் ஹபரணையில் இத்தகைய கிராமமொன்றைக் கண்டபின் கந்தளாய் வழியாக வருகின்றனர். அவ்வழியில் தம்பலகாமத்து வயல்வெளியை அவர்கள் யன்னலூடாகப் பார்ப்பதோடு சரி. வண்டி அங்கு நிற்பதில்லை. நிறுத்திக் காட்டப்படும் கிராமத்துக்கும் நிறுத்தாமற் கடந்து செல்லப்படும் கிராமத்துக்கும் உள்ள வேறுபாடு யாது? ஆற்றுப்படையை அளவுகோலாகக் கொண்டு இவ்வினாவை அணுகுவது பயனுடையது.

ஆற்றுப்படையில் வழிகாட்டுபவன் யார் என்பதே முதலில் நோக்கற்பாலது. அவன் கேட்பவனின் தொழிலினன். நேற்றுவரை கேட்பவனைப் போலவே பசித்திருந்தவன். அவ்வூர்களில் உண்டதனாலேயே அவற்றைப் பற்றிப் பேசும் தகுதி அவனுக்கு வருகின்றது. வழி சொல்வதற்கு அவன் கூலி பெறுவதில்லை.

இரண்டாவதாக, விருந்து எவர் விருப்பின்பாற்பட்டது என்பதை நோக்க வேண்டும். சிறுபாணாற்றுப்படையில் கடற்கரைப் பட்டினத்தார் சுட்ட உலர்மீனையும் தேறலையும் தருகின்றனர்; எயினர் புளிச்சோற்றையும் காட்டு மாவின் இறைச்சியையும் அளிக்கின்றனர்; உழவர் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு படைக்கின்றனர். அந்தந்த நிலம் விளைத்ததை, அந்தந்தக் குடியினர் தாம் உண்ணும் உணவாகவே பகிர்கின்றனர். வருவோனும் வெறுங்கையனல்லன், அவனிடம் யாழ் இருக்கிறது. கொடுப்பதும் கொள்வதும் இரு திசையிலும் நிகழ்கின்றன.

அதே பாட்டில் மற்றொரு வீடும் உண்டு. பாணனின் சொந்த வீடு அது. அங்கே பசியால் வாடும் இல்லாள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து, உப்பின்றி வேகவைத்து, அயலார் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். இத்தனை ஊர்களின் அடுப்பங்கரைகளைத் திறந்து காட்டும் புலவர், வறுமை மிக்க மனையில் கதவு அடைபட்டிருந்ததையும் மறவாது குறிக்கின்றார். காட்டத்தக்கது எது, காட்டத் தகாதது எது என்பதை முடிவு செய்யும் உரிமை அம்மனையாளிடமே இருக்கின்றது. ஆற்றுப்படையின் அறம் அறிவதற்கு இக்கதவு ஒன்றே போதும்.

மூன்றாவதாக, வழியின் இடர்கள் மறைக்கப்படுவதில்லை. மலைபடுகடாத்தில் வழிகாட்டும் கூத்தன், பன்றிக்கு வைத்த பொறிகளையும், புனங்காப்போர் எறியும் கவண்கற்களையும், பாம்பு உறையும் குழிகளையும், வழுக்கும் பாறைகளையும் ஒவ்வொன்றாக எச்சரிக்கின்றான். மலையில் கேட்கும் ஒலிகளையும் அவன் அடுக்கிச் சொல்கின்றான். தினை குற்றும் மகளிரின் பாட்டு அவற்றுள் ஒன்று. புலி பாய்ந்து பெற்ற புண்ணோடு கிடக்கும் கணவரின் நோவு தணியக் குறமகளிர் பாடும் பாட்டு மற்றொன்று. பாட்டு இனிதாயிருக்கிறது என்று சொல்வதோடு அப்புலவர் அமையவில்லை. அது எந்தப் புண்ணுக்காகப் பாடப்படுகின்றது என்பதையும் உடன்சொல்கின்றார். வழிகாட்டி யார், விருந்து எவர் விருப்பு, பாட்டின் பின்னுள்ள புண் யாது என்னும் இம்மூன்று வினாக்களையும் அரைநாட் பயணத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

இவ்வகைப் பயணத்துக்கு உலகறிந்த எடுத்துக்காட்டாக விளங்குவது எகிப்தின் நூபியக் கிராமம். அசுவான் நகருக்கு அருகே, நைல் நதியின் மேற்குக் கரையிலுள்ள கர்ப் சுஹைல் என்னும் ஊருக்குப் பயணிகள் இயந்திரப் படகில் செல்கின்றனர். நீலமும் மஞ்சளும் தீட்டிய சுவர்கள், வளைந்த கூரைகள், ஒட்டகச் சவாரி, வீட்டுத் தொட்டியில் வளரும் முதலை, செந்நிறப் பூப்பானம், கையில் மருதாணி என்று காட்சிகள் தொடர்கின்றன. மாலைக்குள் படகு திரும்பிவிடும்.

அப்படகு செல்லும் நீரின் வரலாறு வேறு. அசுவானில் 1902இல் நிறைவெய்திய முதல் அணை 1912இலும் 1933இலும் உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் நூபியரின் வயல்களும் பேரீச்சந் தோப்புகளும் நீருள் ஆழ்ந்தன. 1960இல் தொடங்கி 1970இல் முடிவுற்ற பேரணையோ எஞ்சிய நூபிய நிலத்தையும் விழுங்கிற்று. 1963, 1964ஆம் ஆண்டுகளில் எகிப்திய நூபியர் ஏறத்தாழ 50,000 பேர் வடக்கே கொம் ஒம்போப் பகுதியில் அரசு கட்டிய வரிசை வீடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே காலத்தில், 1964 முதல் 1968 வரை, அபூ சிம்பெல் கோயில்கள் யுனெஸ்கோவின் முயற்சியால் அறுத்தெடுக்கப்பட்டு உயர்ந்த மேட்டில் மீள நிறுத்தப்பட்டன. கல்லில் வடித்த மன்னர்கள் நதிக்கரையிலேயே நின்றனர். நதியை நம்பி வாழ்ந்த மாந்தர் நதியை விட்டு அகன்றனர்.

1933ஆம் ஆண்டு அணை உயர்த்தப்பட்டதால் நேர்ந்த அழிவை முகம்மது கலீல் காசிம் என்னும் நூபிய எழுத்தாளர் 1968இல் வெளிவந்த ‘அல் ஷமந்தூரா’ என்ற நாவலில் எழுதினார். ஷமந்தூரா என்பது நீரில் மிதக்கும் மிதவையைக் குறிக்கும் சொல். ஊர் போனபின் நீர்ப்பரப்பில் எஞ்சும் அடையாளத்துக்கு அதனினும் பொருத்தமான பெயரில்லை. அரைநாட் பயணி காணும் வண்ணச் சுவரும் அத்தகைய மிதவையே. அது எதன்மேல் மிதக்கின்றது என்பது அவனுக்குச் சொல்லப்படுவது அரிது. நூபியப் பெண்கள் தம் பழைய வீடுகளின் சுவர்களில் கோலம் தீட்டியதும் தட்டுகளைப் பதித்ததும் பயணிகளுக்காக அன்று. இன்று அக்கலை படகு வரும் நேரத்தைப் பார்த்திருக்கின்றது. பாட்டு இருக்கின்றது, புண் சொல்லப்படவில்லை.

இலங்கையில் இதற்கு நேரிணையான ஊர் மகியங்கனைக்கு அண்மையிலுள்ள தம்பானை. வேடர் எனப் பிறரால் அழைக்கப்படுவோர் தம்மை வன்னியலெத்தோ என்பர். பயணிகள் அங்கே சென்று, தலைவரின் முன்கையைப் பற்றி வணங்கி, தீக்கடையும் முறையையும் வில்வித்தையையும் ஆடலையும் கண்டு, தேன் வாங்கி மீள்கின்றனர். அம்மக்கள் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த காடு 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசிய வனம் ஆக்கப்பட்டது. மகாவலித் திட்டத்தின் கீழ் பலர் ஹெனானிகலை முதலிய புதுக்குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். முதுதலைவர் திசாஹாமி உள்ளிட்ட சிலரே இடம்பெயர மறுத்துத் தம்பானையில் நிலைத்தனர். அவர் 1998இல் மறைந்தார். காட்டில் வில் எடுப்பது குற்றமாயிற்று. முற்றத்தில் வில் எடுப்பது காட்சியாயிற்று.

காட்சிக்காக வேடர் என்னும் நிலை நேற்றுத் தோன்றியதன்று. சார்ள்ஸ் செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் 1911இல் வெளியிட்ட ‘வேடர்’ என்னும் ஆய்வுநூல், பயணிகள் பார்ப்பதற்கென வாடிவீடுகளுக்கு அழைத்து வரப்பட்ட வேடரைப் பற்றி அன்றே குறித்துள்ளது. அன்றாடம் அயலவரைப் போல உடுத்தியவர்கள் பார்வையாளர் முன்னே பழைய கோலத்தில் நின்றனர். அதே நூல் கிழக்குக் கரையில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடருக்கும் இடமளித்தது. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர், வெருகல் பகுதிகளில் அம்மக்கள் இன்றும் வாழ்கின்றனர். மீன்பிடியும் சேனையும் கூலிவேலையும் அவர்தம் வாழ்வு. அவர்களைக் காணப் பயணிகளின் வண்டி வருவதில்லை. அயலவரிடமிருந்து வேறுபட்டுத் தோன்றாத வறுமைக்குக் காட்சி மதிப்பு இல்லை போலும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு ஹபரணைக்கு அண்மையிலுள்ள ஹிரிவடுன்ன. அங்கே நடப்பது மாட்டு வண்டிலில் தொடங்கி, குளத்தில் வள்ளமேறி, தாமரை இலைத் தொப்பி அணிந்து, கரையிலுள்ள ஓலைக் குடிலில் முடியும் பயணம். குடிலில் பெண்ணொருத்தி நெல்லைக் குற்றிப் புடைத்துக் காட்டுவாள். தேங்காய்ச் சம்பல் அரைத்துக் காட்டுவாள். சோறும் குளத்து மீன்கறியும் தாமரை இலையில் பரிமாறப்படும். திரும்புவது முச்சக்கர வண்டியில். உணவு நல்லுணவே. ஆயினும் அக்குடில் பயணிகளுக்கென அமைந்த குடில். அவள் உறங்கும் வீடு வேறெங்கோ உள்ளது. குளத்தின் அழகு காட்டப்படுகின்றது; அக்குளத்து நீர் எவ்வயலுக்கு, எவர் முடிவின்படி, எந்நாளில் திறக்கப்படும் என்பது காட்டப்படுவதில்லை.

இவ்விடத்து எதிர்வாதமொன்றை நேர்மையுடன் கருத வேண்டும். ஊரார் ஏமாளிகளல்லர். நூபியப் பெண் வண்ணச் சுவரால் வருவாய் பெறுகின்றாள். தம்பானையின் இளைஞன் தன் மொழியில் நான்கு சொற்களையேனும் காப்பாற்றுவதற்கு வந்துபோவோரின் ஆர்வம் ஒரு காரணமாகலாம். ஹிரிவடுன்னக் குடிலில் சமைப்பவள் தன் வீட்டு அடுப்பை அயலார் கண்ணுக்குக் காட்டாமலே ஊதியம் பெறுகின்றாள். ஒருவகையில் அவளும் கதவை அடைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கூத்து மேடையில் அரசனாக ஆடுபவன் பொய்யன் அல்லன். அதுபோலத் தம் முன்னோரை நடித்துக் காட்டுபவரும் பொய்யர் அல்லர். ஆகவே நடிப்பு என்பதனாலேயே இப்பயணத்தை இழித்துரைப்பது திறனாய்வாகாது. குறை நடிப்பவரிடம் இல்லை. எதனை நடிக்க வேண்டும் என்று வரையறுத்த அமைப்பில் இருக்கின்றது. அணையும் வனச்சட்டமும் நீர்ப்பங்கீடும் கதைக்கு வெளியே தள்ளப்பட்டு, சுவரும் வில்லும் தாமரை இலையும் உள்ளே வைக்கப்படுகின்றன. காரணம் நீங்கிய காரியம் ‘பாரம்பரியம்’ என்ற பெயரைப் பெறுகின்றது.

இனி, வண்டி நிற்காத தம்பலகாமத்தை நோக்கலாம். இவ்வூர் நீரால் ஆகிய ஊர். மேற்கே கந்தளாய்க் குளம். அதன் வாய்க்கால்கள் பாயும் வயல்வெளி. கிழக்கே கொட்டியாரக் குடாவின் உட்புறமாக ஒதுங்கிய தம்பலகாமக் குடா. அக்குடாவின் தட்டைச் சிப்பிகளில் கிடைத்த சிறுமுத்துகள் ஒருகாலத்தில் குத்தகைக்கு விடப்பட்டன. இயற்கையியலாளர் ஜேம்ஸ் ஹோர்னல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். குளத்தைக் கட்டியவன் இரண்டாம் அக்கபோதி என்பது பாளி வரலாற்று நூல்வழி வரும் செய்தி. குளக்கோட்டன் என்பது தமிழர் மரபு. இவற்றுள் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைக்கும் வழிகாட்டி, குளத்தின் ஒரு கரையையே காட்டியவன் ஆவான்.

கவிராசவரோதயர் பெயரால் வழங்கும் கோணேசர் கல்வெட்டு இவ்விடத்துச் சிறப்பாக நினைக்கத்தக்கது. குளக்கோட்டன் திருகோணமலைக் கோயிலுக்குத் திருப்பணி செய்து, தானத்தார், வரிப்பத்தார் எனத் தொழும்பாளரைக் குடியமர்த்தி, இன்னார்க்கு இன்ன கடமை, இன்ன நிலத்து விளைவு இன்ன செலவுக்கு என வகுத்ததை அந்நூல் உரைக்கின்றது. அழகிய வருணனைகள் நிறைந்த நூலாக அதனைப் படிக்கத் தேவையில்லை. வயலுக்கும் நீருக்கும் கோயிலுக்கும் உழைப்புக்கும் இடையிலான உறவு, உரிமையாகவும் கடமையாகவும் எழுதி வைக்கப்பட்ட ஏடு அது. அவ்வுறவில் ஏற்றத்தாழ்வும் இருந்தது. கடமையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தோரும் இருந்தனர். ஆயினும் ஒரு கிராமத்தைக் கிராமமாக்குவது எது என்பதை அந்நூல் அறிந்திருந்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருகோணேசர் கோயிலை இடித்தபோது மறைத்துக் காக்கப்பட்ட திருவுருவங்கள் பின்னர் தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் ஆலயத்தில் எழுந்தருளின என்பது மரபு. தெய்வமும் இடம்பெயர்ந்து வந்து வயல்நடுவே குடியமர்ந்த ஊர் இது.

இன்றைய தம்பலகாமத்தின் வாழ்வு வயலை விட்டு விலகியதன்று. நெற்பயிரையே ‘வேளாண்மை’ என்று வழங்கும் கிழக்கிலங்கை வழக்கு இங்கும் உயிர்வாழ்கின்றது. பெரும்போகம் வானையும் சிறுபோகம் குளத்தையும் பார்த்திருக்கும். களவெட்டியில் எருமை பூட்டிச் சூடு மிதித்த காலம் போய், வெட்டு இயந்திரம் ஒருநாளில் வயலை வெறுமையாக்கும் காலம் வந்துவிட்டது. கிராமக் காட்சி அமைப்போர் இங்கு வரின் முதலில் அவ்வியந்திரத்தை மறைப்பர். எருமையைத் தேடிப்பிடித்துக் கட்டுவர். ஆனால் இவ்வூரின் வாழ்வை முடிவு செய்யும் இடம் பழைய களவெட்டியும் அன்று, புதிய இயந்திரமும் அன்று. போகம் தொடங்குமுன் விவசாயிகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டமே அது. குளத்தில் எவ்வளவு நீர் உள்ளது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், மதகு எந்நாளில் திறக்கப்படும், கடைவாய்க்காலில் இருப்பவனுக்கு நீர் எட்டுமா என்பன அங்கே பேசப்படுகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே நீரை நம்பி வாழும் இப்பிரதேசத்தில் இக்கேள்விகளுக்கு வயற்பரப்பை விடவும் விரிந்த பொருளுண்டு. நாற்காலிகளும் வாக்குவாதமும் மட்டுமே உள்ள அக்கூட்டத்தை எப்பயணியும் படமெடுப்பதில்லை.

மலைபடுகடாத்துக் கூத்தன் இவ்வழியில் வந்திருப்பின் எவ்விடர்களைச் சொல்லியிருப்பான்? 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் விடியுமுன்னர்க் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோரை வெள்ளம் கொண்டுபோனதைச் சொல்லியிருப்பான். அணையால் மூழ்கிய நூபியாவையும் அணை உடைந்து அழிந்த இவ்வெளியையும் அருகருகே வைத்து, நீரைத் தேக்குவோரின் கவனத்திலும் கவனக்குறைவிலும் கீழே வாழ்வோரின் உயிர் இருப்பதை உணர்த்தியிருப்பான். போர்க்காலத்தில் ஊரார் இடம்பெயர்ந்து மீண்டதைச் சொல்லியிருப்பான். 1998 பெப்ரவரி 1ஆம் நாள் தம்பலகாமத்தில் தமிழ்ப் பொதுமக்கள் எண்மர் கொல்லப்பட்டதை, மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவான அந்நிகழ்ச்சியை, குரல் தாழ்த்தியேனும் சொல்லியிருப்பான். அரைநாட் பயணத்தில் இவற்றுக்கு இடமில்லை. ‘பாரம்பரியம்’ என்ற சொல் தொலைவான பழமையை வரவேற்கும். அண்மைக் காலத்தை வாயிலிலேயே நிறுத்திவிடும். நினைவிலிருக்கும் துயரைத் துறந்தால்தான் ஒரு கிராமம் காட்சிக்குரியதாகும் என்பது எழுதப்படாத விதி.

ஆற்றுப்படையைக் குறையற்ற அளவுகோலாகக் கொள்வதும் பொருந்தாது. அது புரவலனைப் புகழ எழுந்த இலக்கியம். வழியிலுள்ள குடிகள் எல்லாரும் வளமாகவும் விருந்தோம்பலுடனும் தோன்றுவது அவன் ஆட்சியின் மாண்பைக் காட்டுதற்பொருட்டே என்று கொள்ள இடமுண்டு. அவ்வகையில் நல்லியக்கோடனின் நாடும் ஒருவாறு அழகுபடுத்தப்பட்ட காட்சியே. உழவர் மனையின் வெண்சோற்றுக்குப் பின்னால் உழுதவன் எவ்வளவு வரி செலுத்தினான் என்பதைப் புலவர் கேட்கவில்லை. எனினும் அடைத்த கதவையும் புலியின் புண்ணையும் பாறையின் வழுக்கலையும் பாட்டினுள் வைத்ததால், அவ்விலக்கியம் தன் புகழுரையைத் தானே ஓரளவு திருத்திக்கொண்டது. இன்றைய கிராமப் பயணத்துக்கு இல்லாதது இத்திருத்தமே.

உல்லாசப் பயணத்துறையை நோக்கி மட்டும் இக்குறையைச் சுட்டுவது எளிது. பல்கலைக்கழக மாணவர்தம் கல்விச் சுற்றுலாக்களும் பெரும்பாலும் இதே முறையிலேயே நிகழ்கின்றன. வண்டி வருகின்றது, கோயில் வாசலில் படம் எடுக்கப்படுகின்றது, ஊரிலுள்ள முதியவர் ஒருவரிடம் ‘பழைய வழக்கங்கள்’ கேட்கப்படுகின்றன, குறிப்பேடு மூடப்படுகின்றது. இவ்வாண்டு நீர் எட்டியதா, விளைந்த நெல்லுக்கு என்ன விலை கிடைத்தது என்று முதியவரிடம் கேட்போர் சிலரே. நாட்டார் வழக்காற்றைத் தொகுப்போர், பாட்டைப் பாடியவரின் காணி உறுதியைப் பற்றியும் கேட்கக் கற்றுக்கொள்ளும்வரை, அவர்தம் தொகுப்பும் நேர்த்தியான ஓலைக்குடிலாகவே இருக்கும்.

தம்பலகாமத்துக்கு வண்டி வரவே கூடாது என்பது இதன் முடிவன்று. வருமாயின், பயணம் கந்தளாய்க் குளக்கட்டிலிருந்து தொடங்கட்டும். வாய்க்காலோடு நடந்து, நீர் முதலில் எட்டும் வயலையும் இறுதியில் எட்டும் வயலையும் கண்டு, ஆதிகோணநாயகர் கோயிலைத் தொட்டு, குடாவின் கரையில் முடியட்டும். வழிகாட்டி அந்நீரில் விதைத்து அறுத்தவராக இருக்கட்டும். இயந்திரம் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். ஊரார் எக்கதவைத் திறப்பது, எதை அடைத்து வைப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அரைநாளில் இவ்வளவும் காண இயலாது என்று எவரேனும் கூறின், ஒரு முழுநாளை ஒதுக்குவதில் தவறில்லை.